ஆணி அடிக்க அனுமதி

ஆண்ட்ராய்டா ஐபோனா என்று சண்டை போடுபவர்கள் கேமராவைப் பற்றிப் பேசுவார்கள், பேட்டரி சாயங்காலம்வரை தாங்குமா என்று பேசுவார்கள், விலையைப் பற்றி நிறையவே பேசுவார்கள். இயங்குதளத்தைப் பற்றி மட்டும் பேச்சே வராது. செப்டம்பரில் ஆப்பிளின் புது மாடல் வரும்போது அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும் உறவினர் வாட்ஸப் குழுவிலும் இது கிளம்பும். ஒருவர் மற்றவரைக் கம்பெனிக்கு அடிமை என்பார். மற்றவர், வாங்க வக்கில்லாத வயிற்றெரிச்சல் என்பார். சோறு ஆறுவதற்குள் அடங்கிவிடும். இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்பதால், இங்கே இது இரண்டு சம பலமுள்ள தரப்புகளின் வாதம் ஆவதில்லை. பெரும்பாலும் மாதத் தவணை பற்றிய வாதம்.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே பாதிக்கு மேல் ஐபோன். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் குறுஞ்செய்தி நீலக் குமிழில் தெரியும், ஆண்ட்ராய்டுக்காரரோடு பேசினால் பச்சை. 2024வரை, பச்சை வந்ததும் படம் மங்கும், வீடியோ குறுகும், குழு அரட்டை குலையும் என்ற நிலை இருந்தது. 2022இல் ஒரு பொது மேடையில், தன் அம்மாவுக்கு வீடியோ சரியாகப் போவதில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்று டிம் குக் சொல்லிவிட்டார். சிரிப்பொலி எழுந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது ஏகபோக வழக்குப் போட்டபோது, பள்ளிப் பிள்ளைகளிடையே இந்தப் பச்சை உண்டாக்கிய ஒதுக்கலும் மனுவில் ஏறியது. நம்மை இந்த வர்ணபேதத்திலிருந்து காப்பாற்றியது வாட்ஸப். காப்பாற்றியதற்கு அது வாங்கும் கூலி வேறு கதை.

இயங்குதளம் என்றால் திரையின் அழகோ ஐகானின் வட்டமோ அல்ல. எந்தச் செயலி இந்தக் கருவியில் ஓடலாம், ஓடினால் எதைத் தொடலாம், எந்த மொழியின் எழுத்தைத் திரை வரையும், எந்த வருடத்தோடு இந்தக் கருவி பழசாகும் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் இடம் அது. சுருக்கமாக, அனுமதி கொடுக்கும் அதிகாரம். எது மேல் என்ற கேள்வியைவிட, இந்த அதிகாரம் எப்படி இரண்டே கைகளுக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உள்ளே திறந்து பார்த்தால் இரண்டும் பங்காளிகள். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ்தான் இருவருக்கும் பாட்டன். ஆப்பிளை விட்டு வெளியேறிய காலத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நெக்ஸ்ட் கம்பெனியின் மென்பொருள் வழியாக அந்த வம்சம் ஐபோனுக்குள் வந்தது. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், யூனிக்ஸின் ஒரு வரியையும் எடுக்காமல் அதே சாயலில் பிறந்தது. அது ஆண்ட்ராய்டின் அடித்தளம் ஆனது. 2003இல் ஆண்டி ரூபினும் கூட்டாளிகளும் ஆண்ட்ராய்டைத் தொடங்கியபோது டிஜிட்டல் கேமராக்களை மனதில் வைத்திருந்தார்கள். 2005இல் கூகுள் வாங்கியது. 2007 ஜனவரியில் ஐபோன் மேடையேறியதைப் பார்த்துவிட்டு, பட்டன்களை நம்பிப் போட்டிருந்த திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொடுக்கல் வாங்கல். மேலிருந்து கீழே இழுத்தால் அறிவிப்புகள் விழும் திரை ஆண்ட்ராய்டில் முதலில் இருந்தது. 2011இல் ஐபோன் எடுத்துக்கொண்டது. செயலிகளின் அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் பழக்கம் ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வந்தது. முகப்பில் விட்ஜெட் வைக்கும் வசதி 2020வரை ஐபோனில் இல்லை. இடையில் ஆப்பிளும் சாம்சங்கும் ஏழு வருடம் வழக்காடின. 2012இல் சான் ஹோசே ஜூரி 105 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து 2018இல் சத்தமில்லாமல் ராசியானார்கள். இருவரும் ஒரு செத்தவரிடமிருந்து எடுத்ததைப் பற்றி மட்டும் யாரும் வழக்குப் போடவில்லை. 2009இல் பாம் கம்பெனி வெப்ஓஎஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. திறந்திருக்கும் செயலிகள் சீட்டுகளைப் போல வரிசையாக நிற்கும். வேண்டாததை மேலே தள்ளினால் மறையும். இன்று எந்த போனிலும் நாம் செய்வது அதைத்தான். பாமை 2010இல் 120 கோடி டாலருக்கு வாங்கிய எச்பி, மறு வருடமே கைகழுவியது. அதன் வடிவமைப்பாளர் மட்டியாஸ் துவார்த்தே கூகுளுக்குப் போய் ஆண்ட்ராய்டின் முகத்தை மாற்றினார். வெப்ஓஎஸ் இப்போது எல்ஜி டிவிகளில் பிழைத்துக் கிடக்கிறது.

தோற்றவற்றில் பெரியது நோக்கியாவின் சிம்பியன் தளம். அதன் கதையில் நமக்கு நேர்ப் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பெனி பஸ்கள் சுற்று மாவட்டங்களுக்குள் விடியலுக்கு முன்பே நுழைந்து அவர்களை ஏற்றிவரும். அங்கே செய்தவை பெரும்பாலும் விலை குறைந்த பட்டன் போன்கள்தாம். ஸ்மார்ட்போன் யுத்தத்துக்கும் அந்த அசெம்பிளி வரிசைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள்.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்து நோக்கியாவின் தலைமையில் உட்கார்ந்தவர் ஸ்டீபன் ஈலாப். அடுத்த பிப்ரவரியில், எரியும் எண்ணெய்க்கிணற்று மேடையில் நிற்கிறோம், குதித்தாக வேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுதினார். கடிதம் வெளியே கசிந்தது. சில நாட்களில், இனி எங்கள் ஸ்மார்ட்போன்களில் விண்டோஸ் போன் என்று அறிவித்தார். விண்டோஸ் போன் எதுவும் அப்போது கையில் தயாராக இல்லை. செத்துப்போகும் என்று செய்தவரே சொன்ன சிம்பியனை யார் வாங்குவார்கள்? அதே வருடம் மீகோ என்ற சொந்தத் தளத்தில் நோக்கியா என்9 வந்தது. முகப்பில் பட்டனே இல்லாமல், ஓரத்திலிருந்து விரலை இழுத்து இயக்கும் அழகான போன். வருவதற்கு முன்பே அதற்கு வாரிசு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

விண்டோஸ் போன் மோசமான தளம் அல்ல. மலிவான கருவியிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைக் கொன்றது செயலிப் பஞ்சம். ஆட்கள் இல்லாததால் செயலி எழுத ஆளில்லை, செயலி இல்லாததால் ஆட்கள் வரவில்லை. கூகுள் தன் யூடியூபை அங்கே தரவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் செயலி செய்தபோது 2013இல் அதையும் முடக்கியது. 2014இல் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தது. மறு வருடமே 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

அந்த விற்பனையில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் சேரவில்லை. காரணம் வரி வழக்கு. 2013 மார்ச்சில் வருமானவரித் துறை நோக்கியாவிடம் 2,080 கோடி ரூபாய் கேட்டது. எதற்கு? போனுக்குள் ஏற்றுவதற்காக பின்லாந்திலிருந்து வந்த மென்பொருளுக்கு இந்தியக் கிளை தாய்க் கம்பெனிக்குக் கொடுத்த பணம் உரிமத்தொகை, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்று. மென்பொருள் வாங்கிய சரக்கா, வாடகைக்கு எடுத்த உரிமையா என்பதுதான் சண்டையின் அடி. மாநில அரசும் தன் பங்குக்கு விற்பனை வரி கேட்டது. சொத்து முடக்கப்பட்டதால் ஆலையைக் கைமாற்ற முடியவில்லை. மைக்ரோசாஃப்ட் கொஞ்ச நாள் ஆர்டர் கொடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடியது. மத்திய வரி வழக்கை 2018இல் இரு நாட்டு அரசுகளும் பேசி முடித்தபோது, பெண்கள் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி நான்கு வருடமாகியிருந்தது. அவர்கள் கையால் தொடமுடியாத ஒரு பண்டம், ஒருமுறை சந்தையில் தோற்றும் இன்னொருமுறை வரிக்கணக்கில் சிக்கியும் அவர்கள் வேலையைத் தின்றது. இயங்குதளச் சண்டையில் தமிழ்நாட்டுக்கு நேர்ந்த சேதம் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவு வரும். மூடிக்கிடந்த அந்த வளாகத்தை சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து தரும் கம்பெனி அது. ஐபோனே இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படுகிறது.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டின் ஆரம்பப் பதிப்புகள் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்த் தளம் எதைத் திறந்தாலும் கட்டம் கட்டமாக வரும். ஓபெரா மினி உலாவியின் முகவரிப் பெட்டியில் ஒரு மந்திரச் சொல்லை அடித்து, வரும் பட்டியலின் அடியில் ஒரு தேர்வை மாற்றிவிட்டால், எங்கோ இருக்கும் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். அதை ஒருவருக்கொருவர் ரகசியம் போலச் சொல்லிக்கொடுத்தோம். இன்னும் துணிந்தவர்கள் போனை ரூட் செய்து எழுத்துருக் கோப்பையே மாற்றினார்கள். அப்போதும் கொம்பு இடம் மாறி நிற்கும். ஒருங்குறியில் 'கெ' என்பதைக் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் என்றுதான் சேமிக்க வேண்டும். திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது இயங்குதளத்தின் வேலை. 'கொ' என்றால் ஒரே உயிர்க்குறியைப் பிளந்து இருபுறமும் நிறுத்த வேண்டும். இந்தச் சின்ன இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத தளத்தில், எழுத்துரு இருந்தும் தமிழ் இல்லை.

ஐபோன் இதில் முந்திக்கொண்டது. அதற்குக் காரணமான ஆள் கலிபோர்னியாவில் இல்லை, மலேசியாவில் இருந்தார். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைச் செய்த முத்து நெடுமாறன் வடித்த எழுத்துருக்களை ஆப்பிள் தன் கருவிகளில் சேர்த்தது. தமிழ் மட்டுமல்ல, மலையாளம், கன்னடம், தெலுங்கு, சிங்களம் என்று சங்கம் எம்என் வரிசை நீள்கிறது. கடைசி இரண்டெழுத்து அவர் பெயர்தான். அதே முத்து நெடுமாறன், பட்டன் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப 2005இல் சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டிருந்தார். ஆனால் ஐபோனில் செல்லினத்தின் நிலை பரிதாபமாக இருந்தது. வெளியார் செய்த விசைப்பலகையை ஆப்பிள் உள்ளே விடாது. செல்லினத்துக்குள் தட்டி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டிலோ 2009லிருந்தே யாரும் விசைப்பலகை செய்து போடலாம். ஆனால் அன்று தட்டினால் வந்தது கட்டம்.

ஆக, ஒரு சில வருடங்கள் தமிழர்களுக்கு வாய்த்த தேர்வு இதுதான்: ஒன்றில் படிக்கலாம், வசதியாக எழுத முடியாது, இன்னொன்றில் எழுத வழியுண்டு, படிக்க முடியாது. மூடிய தளம் நல்லதா திறந்த தளம் நல்லதா என்று தத்துவம் பேசுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். மூடிய தளத்தில் உள்ளே ஒரு நல்ல மனம் இருந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. அந்த மனம் நினைக்காததை வெளியிலிருந்து யாரும் செய்ய முடியாது. திறந்த தளத்தில் யாரும் செய்யலாம் என்பதால், யாரோ செய்வார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற மென்பொருள் முதிர்ந்து ஆண்ட்ராய்டின் கொம்புகள் இடத்துக்கு வந்தன, கூகுளின் நோட்டோ எழுத்துருவும் வந்தது. இன்று தமிழில் தட்டச்சுப் பயிலாத தலைமுறை, பேசினாலே எழுதிக்கொள்ளும் போனில் மணிக்கணக்காகத் தமிழ் எழுதுகிறது. அதில் பெரும்பகுதி நடப்பது ஆண்ட்ராய்டில்தான்.

அப்படியானால் இரண்டுக்கும் மிச்சமிருக்கும் வித்தியாசம் என்ன? சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இரண்டு வகை ஓனர்களைத் தெரியும். ஒருவர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பார், வாடகையும் அதிகம், ஆனால் குழாய் ரிப்பேரானால் அன்றைக்கே ஆள் வரும். இன்னொருவர் என்ன வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்பார், ஆனால் யார் வருகிறார்கள், என்ன சமையல் என்று தினமும் எட்டிப் பார்ப்பார். ஐஓஎஸ் முதல் வகை, கூகுளின் ஆண்ட்ராய்டு இரண்டாம் வகை. ஆப்பிளின் கடை 2008 ஜூலையில் திறந்த நாளிலிருந்து அந்தக் கடை வழியாக மட்டுமே பொதுமக்களுக்குச் செயலி வர வேண்டும். கடைக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனையில் முப்பது சதவீதம்வரை அதற்குப் போக வேண்டும். இதை எதிர்த்துத்தான் 2020 ஆகஸ்டில் எபிக் கம்பெனி தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் சொந்த உண்டியல் வைத்தது. ஆப்பிளும் கூகுளும் ஒரே நாளில் அதைக் கடையைவிட்டு வெளியேற்றின. ஐரோப்பாவில் சட்டம் போட்ட பிறகே, 2024இல், ஐபோனில் வேறு கடைக்கு இடம் கிடைத்தது. அதுவும் அப்போது ஐரோப்பாவில் மட்டும்.

திறந்தது என்று பெயரெடுத்த ஆண்ட்ராய்டின் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. மூலநிரல் எல்லாருக்கும் பொது. ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் தேடலையும் குரோமையும் சேர்த்து வைக்க வேண்டும், ஆண்ட்ராய்டைத் தன் விருப்பப்படி மாற்றி வேறு போனில் விற்கக்கூடாது என்று கூகுள் போன் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. இதற்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் போட்டது. சாப்பாட்டு மேசைச் சண்டைக்காரர்களுக்கு நான் காட்ட விரும்பும் எண் இன்னொன்று. ஐபோனின் சஃபாரி உலாவியில் தன் தேடலே முதலில் நிற்பதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. கூகுள்மீது அமெரிக்காவில் நடந்த வழக்கில் வெளியே வந்த கணக்கு. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று நினைத்துக்கொண்டு தெருவில் அடித்துக்கொள்வது நாம்தான்.

மூன்றாவதாக ஒன்று வராதா? வந்தது. 2014இல் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு ஒரு போன் விற்றது. அந்த விலைக்கு அதில் எதுவும் ஒழுங்காக நகரவில்லை. அதன் சாம்பலிலிருந்து வந்த கைஓஎஸ்தான் 2017இல் ஜியோபோனில் ஏறி, முன்பணம் 1,500 ரூபாயோடு கிராமங்களுக்குள் போனது. அதிலும் மறு வருடம் வாட்ஸப் வந்த பிறகுதான் அது போனாக மதிக்கப்பட்டது. சென்னை ஐஐடியின் அரவணைப்பில் உருவான பாரோஸை 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் இயக்கிக் காட்டினார்கள். சுதேசி என்றார்கள். அடியில் இருந்தது ஆண்ட்ராய்டின் மூலநிரல். அதில் தவறொன்றுமில்லை, ஆனால் கொடியேற்றும் அளவுக்கு விஷயமுமில்லை. வெற்றிபெற்ற மூன்றாவது என்றால் ஹுவாவேயின் ஹார்மனிஓஎஸ் ஒன்றைத்தான் சொல்ல முடியும். 2019 மே மாதம் அமெரிக்கா அந்தக் கம்பெனியைத் தடைப்பட்டியலில் வைத்து கூகுளின் சேவைகளைப் பறித்தது. வேறு வழியில்லாமல் வளர்ந்த தளம், 2024இல் ஆண்ட்ராய்டு செயலிகளையே ஏற்காத பதிப்பை வெளியிட்டது. ஒரு பெரிய அரசும் கோடிக்கணக்கான உள்ளூர் வாடிக்கையாளர்களும் பின்னால் இருந்தால்தான் இது நடக்கும் போலிருக்கிறது.

நமக்கு அது நடக்காது என்பதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, வங்கி. ஆண்ட்ராய்டில் கூகுளைக் கழற்றிவிட்டு வேறு பதிப்பை ஏற்றிக்கொள்ளும் சுதந்திரம் காகிதத்தில் இன்றும் இருக்கிறது. ஏற்றிக்கொண்டவரின் போனில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். கருவி நம்பத்தக்கதா என்று அவை கேட்பது கூகுளைத்தான். காய்கறிக் கடையில்கூட க்யூஆர் ஒட்டியிருக்கும் ஊரில், பணம் கொடுக்கமுடியாத போனை வைத்துக்கொண்டு கொள்கையோடு வாழ எத்தனை பேருக்கு முடியும்?

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலியானாலும், எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருந்தால்தான் சான்றுபெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏறும். மோசடிச் செயலிகளைத் தடுக்க என்றது, மோசடி உண்மையும்கூட. எதிர்ப்புக் கிளம்பியதும், அபாயம் தெரிந்து ஏற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு சுற்றுவழி வைப்பதாகச் சொன்னது. 2026 செப்டம்பரில் முதலில் நான்கு நாடுகளில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள்: பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர். செல்லினம் வெளியான அதே சிங்கப்பூரில், இனி ஒருவர் புதுமாதிரித் தமிழ் விசைப்பலகை ஒன்றை எழுதிப் பத்து நண்பர்களுக்கு அனுப்பிச் சோதிக்க நினைத்தால், முதலில் கூகுளிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்தப் பத்துப் பேருக்கும் சுற்றுவழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.